பெண்ணில்லாமல் புறப்பட்ட சீர்

சீர்த் தட்டுகளை வண்டியில் ஏற்றியதும் எனக்குப் பயம் ஆரம்பித்துவிடும். இத்தனை வருடத் தொழிலில் அது மாறவில்லை. தட்டு குறையுமோ, ஜெனரேட்டர் பாதியில் நின்றுவிடுமோ, காற்றடித்துப் பந்தல் துணி பெண்ணின் தலையில் விழுமோ என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் பயந்திருக்கிறேன். ஒரு தடவைகூட விழுந்ததில்லை. விழாததால் பயம் குறைய வேண்டும் அல்லவா? எனக்குக் கூடும். இத்தனை நாள் விழாதது இன்றைக்குத்தான் விழப் போகிறது என்று தோன்றும்.

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் சாலையில், கிளியனூருக்கு முன்னால் உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். அந்தத் திருப்பத்திலேயே என் பந்தல் கடை. நாற்காலி, ஜமுக்காளம், அண்டா, தாம்பாளம், சீரியல் லைட், சவுண்டு செட் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுப் பெண் புகுந்த வீட்டுக்குப் போனாலும் அவளோடு என் தாம்பாளங்களும் போய்விட்டுத் திரும்பியிருக்கும்.

எங்கள் பக்கத்தில் சீர் கொண்டு போவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முன்னால் மேளம். அதன் பின்னால் தட்டு ஏந்திய பெண்கள். அப்புறம் கல்யாணப் பெண் வரும் வண்டி. கடைசியில் பீரோவும் கட்டிலும். மண்டப வாசலில் ஊர்வலம் நின்றுவிடும். ஆரத்தி சுற்றி, பெண் உள்ளே கால் வைத்த பிறகுதான் தட்டுகள் நகரும். அவளுக்கு முன்னால் ஒரு வாழைப்பழம்கூட உள்ளே போகாது. யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, கால்கள் தாமாகவே நின்றுவிடும்.

அந்த நேரத்தில் எனக்கும் ஒரு வேலை உண்டு. யாரும் கொடுக்காத வேலை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணத்தில், பெண் பதற்றத்தில் இடது காலை வைத்துவிடப் போகிறாளே என்று பயந்து, "வலது காலை வச்சி வா மா" என்று குரல் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எந்த வாசலில் பெண் நின்றாலும் எனக்கு அந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிடும். ஊரில் என்னைக் கேலி செய்ய வேண்டுமானால் "வலது கால் வராரு பாரு" என்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். அந்தக் குரல் என் சொந்த வீட்டுக் காரியத்தை முடிவு செய்யும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஊரில் அரசுத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. இரண்டு கட்டடம், நடுவில் புங்க மரம், சுற்றிலும் பாதி உயரத்துக்குச் சுவர். நான் படித்ததும் அங்கேதான். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் தலைமை ஆசிரியையை ஊரில் எல்லாரும் பெரிய டீச்சர் என்போம். கூட இன்னொரு டீச்சர். ஒரு நாள் சாயங்காலம் பெரிய டீச்சர் ஊர்க்காரர்களைப் புங்க மரத்தடிக்குக் கூப்பிட்டார். என் நாற்காலிகள் தேவைப்பட்டதால் நானும் போனேன். இல்லாவிட்டால் போயிருப்பேனா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் இன்றைக்கும் கடைசி வரிசையாகப் பார்த்துத்தான் உட்காருவேன்.

பெரிய டீச்சர் நீட்டி முழக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம், இப்படியே போனால் இன்னொரு டீச்சரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள், அப்புறம் ஒரே ஆள் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும், அப்படி ஆன பள்ளிக்கூடங்கள் என்ன ஆயின என்று உங்களுக்கே தெரியும் என்றார். அவ்வளவுதான்.

ஊர் உருகிப்போனது. அப்படி ஒரு பாசத்தை நான் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை. நம் பள்ளிக்கூடம், நம் அப்பன்கள் மண் சுமந்து கட்டியது, விடக்கூடாது என்று ஆளுக்கு ஆள் எழுந்து பேசினார்கள். பக்கத்து ஊரில் பள்ளிக்குச் சீர் கொண்டு போனார்களாம், நாம் அதைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்றார் பஞ்சாயத்துத் தலைவர். உடனே ஒருவர் பீரோ என்றார். ஒருவர் ஃபேன் என்றார். மளிகைக் கடைக்கார அத்தை பிள்ளைகள் உட்கார நல்ல கோரைப் பாய்களாகத் தருவதாகச் சொன்னார். துபாயில் ரொம்ப நாள் இருந்துவிட்டுக் கோட்டக்குப்பத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்து இரும்புக் கடை வைத்திருக்கும் பாய், சுவரில் மாட்டும் பெரிய டிவி ஒன்றைத் தருவதாகச் சொன்னதும் கைதட்டல். தட்டும் மேளமும் சவுண்டு செட்டும் என் பொறுப்பு என்று நானும் சொன்னேன்.

எல்லாரும் எதையாவது கொடுப்பதாகச் சொன்னோம். பிள்ளையைக் கொடுக்கிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் மகள் அப்போது திண்டிவனம் பக்கம் இருக்கும் ஓர் ஆங்கிலப் பள்ளியில் யுகேஜி. காலையில் மஞ்சள் வேன் வந்து ஹாரன் அடிக்கும். டை கட்டி, பெல்ட் மாட்டி, தன் உயரத்தில் பாதி இருக்கும் பையோடு ஏறிப் போவாள். ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அதையும் அங்கேயே தொடர்வது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. முடிவு செய்தவள் என் மனைவி.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. அவள் முகையூர் பக்கத்துப் பெண். அங்கே அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்து வகுப்பில் முதலாவதாக வந்தவள். விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்தபோது பாடம் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. முன் பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல், புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டே சில மாதம் போனாள். ஒரு நாள் ஏதோ கேள்வி கேட்டார்கள், அதற்கும் தலையாட்டினாள். வகுப்பு சிரித்தது. அதோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் கல்யாணமான புதிதில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு வெகுநேரம் பாத்திரம் கழுவினாள்.

என் கதை இன்னும் சின்னது. ஐந்தாவது முடித்துத் திண்டிவனத்தில் பெரிய பள்ளியில் சேர்த்தார்கள். அவ்வளவு பெரிய வகுப்பில் வாத்தியார் என் பேரைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று தினமும் பயம். ஒன்பதாவதில் ஒரு காலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பள்ளி இருக்கும் பக்கம் நடக்காமல் மாமாவின் பந்தல் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். மாமா ஒன்றும் கேட்காமல் ஜமுக்காளத்தை மடிக்கச் சொன்னார். இன்னும் மடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக நாங்கள் இருவருமே அரசுப் பள்ளியில் படித்தவர்கள். அதனால்தான் இருவருக்கும் பயம். அவளுக்கு ஒரு பயம்தான்: மகளுக்கு இங்கிலீஷ் வராமல் போய்விடக்கூடாது. எனக்கு இரண்டு பக்கமும் பயம். இங்கே விட்டால் என்னைப் போல ஆகிவிடுவாளோ? அங்கே விட்டால் அவள் படிப்பதில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாமல் போய்விடுமோ?

அந்த இரண்டாவது பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்து வாட்ஸப்பில் எல்லாம் ஆங்கிலத்தில் வரும். மனைவி எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்வாள். அவள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் செய்தி வந்தால், பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லையே என்று நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிடுவேன். ஒரு தடவை அப்படி அனுப்பிய சற்று நேரத்தில் ஆபீஸிலிருந்து ஃபோன், பாப்பாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று. யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலோ அவர்கள் தெரிவிக்கவும் என்று வந்திருந்ததாம். நான் பயந்துபோய், "இப்ப பரவால்ல மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மனைவி இரண்டு நாள் சிரித்தாள்.

மகளுக்கும் ஒரு பயம் இருந்தது. ஒன்றுக்கு வந்தால் வகுப்பில் கேட்கமாட்டாள். எப்படிக் கேட்க வேண்டும் என்று அங்கே ஒரு முழு ஆங்கில வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்வாள். மிஸ்ஸுக்கு முன்னால் நின்றால் வராது. அடக்கிக்கொண்டே வந்து, வேனிலிருந்து குதித்ததும் ஓடுவாள். சில நாள் வேனிலேயே ஆகிவிடும். வேன் ஓட்டுகிறவன் என் கூட ஐந்தாவது வரை படித்த தோழன். சொல்லிக் காட்டமாட்டான். சீட்டைத் துடைத்துவிட்டு, "இன்னிக்கி மழ மச்சான்" என்பான், அவ்வளவுதான்.

சீர் கொண்டு போகச் சனிக்கிழமை குறித்தார்கள். பங்குனி வெயில். காலை பத்து மணிக்கு என்றார்கள். மேளக்காரர்கள் திண்டிவனத்தில் வேறொரு காதுகுத்தை முடித்துவிட்டு வந்து சேர்வதற்குள் உச்சி வெயில் ஆகிவிட்டது. அதற்குள் நான் தட்டுகளை மூன்று தடவை எண்ணி, மூன்று தடவையும் வேறு வேறு கணக்கு வந்து, பேஜாராகி உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு தட்டிலும் ஊர் மனசு இருந்தது. பென்சில், நோட்டு, பந்து, ஸ்கிப்பிங் கயிறு. ஒருத்தர் வெற்றிலை பாக்கோடு சாக்பீஸ் டப்பாவை வைத்து மஞ்சள் குங்குமம் இட்டிருந்தார். இன்னொருத்தர் எங்கள் பக்கத்து மல்லாட்டை உருண்டை, வேர்க்கடலையில் செய்தது. பாய் வீட்டிலிருந்து டிவியோடு ஒரு தட்டு பேரீச்சம்பழமும் வந்தது. சீர் என்றால் தட்டில் இனிப்பு இல்லாமல் எப்படி என்று அவர் வீட்டம்மா சொல்லி அனுப்பினாராம். என் மனைவி தேங்காய் பழத் தட்டை எடுத்துக்கொண்டாள். பட்டுப் புடவை வேறு. "ஊரே கட்டிக்கினு வருது, நான் மட்டும் நைட்டியிலயா வர்றது?" என்றாள்.

நாங்கள் கிளம்பும் நேரத்துக்குத்தான் மஞ்சள் வேன் திருப்பத்தில் வந்து நின்றது. சனிக்கிழமை அவர்களுக்கு அரை நாள். மகளை வீட்டில் விட ஆளில்லை. டையும் பெல்ட்டுமாக அவளைத் தூக்கி என் டாடா ஏஸ் வண்டியில் முன் சீட்டில் உட்கார வைத்தேன். பின்னால் பீரோ, ஃபேன், டிவிப் பெட்டி. வேன்காரன் எட்டிப் பார்த்து, "இன்னா மச்சான், யாரு கல்யாணம்?" என்றான். பள்ளிக்கூடத்துக்கு என்றேன். "யாருக்குக் கட்டிக் குடுக்கறீங்க?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

ஊர்வலம் போனது. எல்லா வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு முன்னால் தட்டு ஏந்திய பெண்கள், அவர்களுக்கு முன்னால் மேளம். என் வண்டி மனிதர் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தது. இன்ஜின் சூடாகி நின்றுவிடுமோ என்ற கவலையில் மகளை நான் சரியாகப் பார்க்கவில்லை. அவள் டையின் நுனியை மென்றுகொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் பெரிய டீச்சர் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். பக்கத்தில் இன்னொரு டீச்சர். அவர்களுக்குப் பின்னால், பள்ளியில் இருக்கிற கொஞ்சப் பிள்ளைகள் வரிசையாக. ஊர் மரியாதையாக வருகிறது, நாமும் மரியாதையாக வரவேற்க வேண்டும் என்று ஆரத்தி கரைத்து வைத்திருக்கிறார். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆரத்தியைப் பார்த்ததும் எங்கள் ஊர்க் கால்கள் பழக்கத்தில் நின்றுவிட்டன.

தட்டுகள் நின்றன. மேளக்காரர்களும் பழக்கத்தில் உரக்க வாசித்தார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. பெரிய டீச்சர் ஆரத்தியை யாருக்குச் சுற்றுவது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்த பெண்கள் வெயில் சுட்டு, கால் மாற்றி மாற்றி நின்றார்கள். மேளம் ஓய்ந்தது. முன்வரிசையில் கோரைப் பாய்க் கட்டோடு நின்ற கடைக்கார அத்தை, எத்தனையோ கல்யாணத்தில் கேட்ட பழக்கத்தில் பின்னால் திரும்பி, "பொண்ணு எங்கடி? ஜல்தி கூட்டினு வாங்க" என்றார்.

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. முதலில் சிரிப்பு பரவியது. அப்புறம் அது தானாக அடங்கியது.

பெரிய டீச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, குத்தல் இல்லாமல், "நானும் அதத்தாங்க மூணு வருஷமா கேட்டுக்கினு இருக்கேன்" என்றார்.

பஞ்சாயத்துத் தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் பேரப் பிள்ளைகள் திண்டிவனத்தில் படிக்கிறார்கள். பாய் டிவிப் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றைச் சரிபார்த்தார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். பெண்ணைக் கொடுக்காமல் சீரை மட்டும் கொடுத்தனுப்பும் வீட்டார் உலகத்திலேயே நாங்கள்தான் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது பக்கத்து சீட்டிலிருந்து மகள், "ப்பா, ஒண்ணுக்கு" என்றாள்.

கொஞ்சம் பொறு என்றேன். அவள் பொறுக்கக்கூடிய கட்டத்தைத் தாண்டியிருந்தாள். கதவைத் திறக்க அவளுக்குத் தெரியும். இறங்கி, பட்டுப் புடவைகளுக்கும் தட்டுகளுக்கும் நடுவே புகுந்து, நேராக வாசலுக்குப் போய்விட்டாள். அங்கே ஆரத்தித் தட்டு வழியை மறித்தது. தட்டுக்கு முன்னால், தொடைகளை இறுக்கி, டையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பெரிய டீச்சர் அவளைப் பார்த்தார், டையைப் பார்த்தார், எங்கள் எல்லாரையும் பார்த்தார். பிறகு ஆரத்தியைச் சுற்ற ஆரம்பித்தார். குழந்தையின் நெற்றியில் பொட்டு வைத்தார். மகள் உள்ளே போகக் காலைத் தூக்கினாள்.

வாசல், ஆரத்தி, தூக்கிய கால். என் வாய் என்னைக் கேட்கவில்லை. வண்டி ஜன்னலில் தலையை நீட்டி, கல்யாண மண்டபத்தில் போடும் அதே குரலில், "வலது காலை வச்சி வா மா" என்று கத்திவிட்டேன்.

அப்புறம் ஊர் மொத்தமும் ஒரே சத்தம். யாரோ, "பொண்ண குடுத்துட்டாரு பா பந்தக்காரரு" என்றார்கள். மேளக்காரர்களுக்கு என்ன புரிந்ததோ, கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். மகள் எந்தக் காலையோ வைத்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்காமலே, பெரிய பிள்ளை ஒருத்தி கை காட்டிய திசையில் ஓடினாள். அவள் பின்னால் தட்டுகள் எல்லாம் சிரித்துக்கொண்டே உள்ளே போயின. பெண் போயாயிற்றே, இனி என்ன தடை?

வெளியே ஒரே ஒரு தட்டு நின்றது. தேங்காய் பழத் தட்டு. அதற்கு மேலே என் மனைவியின் முகம். அந்த முகத்தை நான் விவரிக்கப்போவதில்லை.

பிறகு அவளும் உள்ளே போனாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு மகளைத் தேடிக் கழிப்பறைப் பக்கம் போனவள், திரும்பி வரும்போது நடையே வேறாக இருந்தது. நேராகப் பெரிய டீச்சரிடம் போய், குழாயில் தண்ணீர் வரவில்லையே என்றாள். மோட்டார் ரிப்பேர், பிள்ளைகள் அடிபம்பில் அடித்து வாளியில் எடுத்துப் போகிறார்கள், எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றார் டீச்சர். அங்கே டிவியை எந்தச் சுவரில் மாட்டுவது என்று தலைவரும் பாயும் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி அவர்கள் பக்கம் திரும்பினாள். "டிவி, பீரோ எல்லாம் குடுத்தீங்க. புள்ளைங்க கால் கழுவத் தண்ணி இல்லயே, ஒருத்தராச்சும் உள்ள வந்து பாத்தீங்களா?" என்றாள். அவர்களைக் கேட்ட மாதிரி இருந்தாலும், அவளும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக உள்ளே வந்திருந்தாள். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் குரல் அவ்வளவு உயர்ந்தது என்று நினைக்கிறேன்.

பெரிய டீச்சர் கோபப்படவில்லை. "இப்பிடித்தாம்மா கேக்கணும்" என்றார். "கேக்கத் தெரிஞ்சவங்க எல்லாரும் புள்ளைய வேன்ல ஏத்திட்டீங்க. இங்க விட்டவங்களுக்குக் காலைல கூலிக்குப் போனா பொழுது சாஞ்சிதான் வீடு. அவங்க எப்ப வந்து என்னக் கேக்கறது? நான் எழுதிப் போட்டுக்கினே இருக்கேன். பின்னாடி நின்னு கேக்க ஊரு வேணும் இல்ல?"

என் மனைவி மகளின் டையைக் கழற்றிப் பிழிந்தாள். அது எச்சிலில் நனைந்திருந்தது.

வீட்டில் அதற்கப்புறம் நாட்கள் எப்படிப் போயின என்று நான் சொல்ல வேண்டுமா? சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. வாய் தவறி வந்துவிட்டது, தொழில் பழக்கம், நான் வேண்டுமென்று சொல்லவில்லை என்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டே நூறு தடவை சொல்லியிருப்பேன். ஊர் அதைப் பழக்கம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் எனக்குத் தனி மரியாதை. வேறு சிலர் தாழ்ந்த குரலில், "இன்னா பா, தொழிலு படுத்துக்கிச்சா? ஃபீஸ் கட்ட முடியலயா?" என்று கேட்டார்கள். அரசுப் பள்ளியில் பிள்ளையை விட்டால் அப்படித்தான் கேட்பார்கள். அவர்களுக்கு நல்ல மனசு, வருத்தப்பட்டுத்தான் கேட்டார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஒரு நாள் மத்தியானம் கடையில் அண்டா துலக்கும்போது மனைவி தானாகப் பேசினாள். சீரோடு போன பெண்ணைத் திருப்பிக் கூட்டி வந்தால் ஊர் என்ன பேசும் என்றாள். ஊருக்காக நம் பிள்ளை படிப்பை முடிவு செய்ய வேண்டாம், உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யலாம் என்றேன். நான் அப்படித் தைரியமாகச் சொல்வது அபூர்வம். சொல்லிவிட்டு உடனே பயந்தும் போனேன்.

அவள் துலக்குவதை நிறுத்தினாள்.

"நான் காலேஜில ஒக்காந்தனே, அந்த மாதிரி அவ ஒக்காரக்கூடாது."

"ஒக்காரமாட்டா."

"நீங்க எப்பிடி சொல்றீங்க?"

உண்மையில் எனக்கும் அதே பயம்தான். ஆனால் அன்றைக்கு வாசலில் எங்கள் மகள் ஓடியது என் கண்ணிலேயே நின்றது. அந்தப் பள்ளியில் ஒரு வாக்கியம் வராமல் அடக்கிக்கொண்டு இருந்தவள், இங்கே ஊரே பார்க்க ஓடினாளே என்றேன். கேட்க வேண்டியதைக் கேட்கப் பயப்படாமல் இருந்தால் போதும், இங்கிலீஷ் அப்புறம் வரும் என்று நினைக்கிறேன் என்றேன். எனக்கும் உனக்கும் வராமல் போனது இங்கிலீஷ் மட்டும் இல்லை, எழுந்து நின்று புரியவில்லை என்று சொல்வதும்தான் வரவில்லை என்றேன். அவள் அண்டாவுக்குள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் என் மனைவி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அதற்கடுத்த நாளும். முதலில் தண்ணீர் மோட்டார். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசலில் அவள் நின்ற நிலையைப் பார்த்து அவர் பைக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனதாகச் சொல்வார்கள். அந்த வாரமே மோட்டார் ஓடியது. அப்புறம் இங்கிலீஷ். ஒன்றாம் வகுப்புக்கு என்ன சொல்லித் தருவீர்கள், எப்படிச் சொல்லித் தருவீர்கள், காட்டுங்கள் என்று போய் உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு டீச்சர் புதுசாக வந்த டிவியில் பாட்டுப் போட்டு, பிள்ளைகளோடு சேர்ந்து ஆடிக் காட்டியிருக்கிறார். இவள் வீட்டுக்கு வந்து அதை மகளுக்கு ஆடிக் காட்டினாள். அவள் ஆடி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மறுநாள் போய் மகள் பேரை ஒன்றாம் வகுப்பில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பெரிய டீச்சர் அவளை "சம்பந்தி" என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் கேலியாக. பெண்ணைக் கொடுத்தவர்கள் வந்து என் பெண்ணை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கத்தானே செய்வார்கள்? அந்த உரிமையை என் மனைவி ஒரு நாளும் விடவில்லை. பள்ளியில் போடும் காலைச் சாப்பாட்டில் உப்புமா குழைந்தால் கேட்பாள். வாசல் கேட்டில் துரு ஏறினால் கேட்பாள். டீச்சருக்குப் பஸ் தவறி லேட்டானால் அதையும் கேட்டுவிட்டு, மோர் கொடுத்து அனுப்புவாள். நாளடைவில் கேலி போய், ஊரே இருவரையும் சம்பந்திகள் என்று சொல்ல ஆரம்பித்தது. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் அவளைப் போட்டார்கள். எனக்குத்தான் அந்தக் கூட்டத்துக்கு வாடகை நாற்காலி எடுத்துக்கொண்டு மாதம் ஒரு தடவை அலைச்சல்.

ஊர் முழுவதும் மாறிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். பாயின் பேரன் இன்னும் பாண்டிச்சேரிக்குத்தான் போகிறான். தலைவரின் பேரப் பிள்ளைகளும் வேனில்தான் போகிறார்கள். கடைக்கார அத்தை மட்டும் தன் மகள் வயிற்றுப் பிள்ளையைக் கூட்டி வந்து சேர்த்தார், "கேட்டவ நான்தானே" என்று. வேறு இரண்டு வீட்டில் யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசி வாரத்தில் வந்து சேர்த்தார்கள். ஒரு பெஞ்சு இரண்டு பெஞ்சு ஆயிற்று. அந்த வருடம் டீச்சரை மாற்றவில்லை. அடுத்த வருடத்தைப் பற்றி நான் இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று காலை மஞ்சள் வேன் பழக்கத்தில் எங்கள் கடை முன்னால் நின்று ஹாரன் அடித்துவிட்டது. மகளும் பழக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வேன்காரன் எங்களைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டு, "என் வண்டி சீட்டு இனிமே காய்ஞ்சிக் கெடக்கும்" என்றான். அப்புறம் இறங்கி வந்து, தான் வேனில் வைத்திருந்த மிட்டாய் டப்பாவில் ஒரு பிடி அள்ளி அவள் பையில் போட்டுவிட்டுப் போனான்.

அவளை நடத்தியே கூட்டிக்கொண்டு போனேன். தூரம் கொஞ்சம்தான். டை இல்லாததால் மெல்வதற்கு ஒன்றும் இல்லாமல் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். போகிற வழியெல்லாம் எனக்கு மனசில் ஒரே கேள்வி. சரியாகத்தான் செய்திருக்கிறோமா? பெரியவள் ஆனதும் என்னைக் கேட்டால் என்ன சொல்வேன்? வாய் தவறிச் சேர்த்தேன் என்றா?

வாசலில் பெரிய டீச்சர் நின்றிருந்தார். இந்தத் தடவை ஆரத்தி இல்லை, கையில் சாக்பீஸ். மகள் கேட்டில் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ப்பா, வலது காலா?"

டீச்சர் சத்தமாகச் சிரித்தார். இத்தனை பெண்களுக்குச் சொன்ன வார்த்தை, அப்போது வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், அன்றைக்கு வழி காட்டிய பெரிய பிள்ளையாக இருக்கலாம். மகள் சட்டையை விட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

எந்தக் கால் முதலில் உள்ளே போனது என்று நான் பார்க்கவில்லை. கண் கொஞ்சம் மங்கிப் போயிருந்தது. கடைக்கு வந்து, பள்ளி விடுகிற நேரம் வரைக்கும் அதைத்தான் நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். மனைவியிடம் சொன்னபோது, பெரிய டீச்சர் பஸ் ஏறுவதற்குள் எந்தக் கால் என்று கேட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.